இருபத்தொரு மூலிகை வேண்டாம், நாலு போதும்: வீட்டில் தலைக்கு எண்ணெய் காய்ச்சும் முறை

டெங்கு வந்து எழுந்த மூன்றாவது மாதம் எனக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. குளியலறையில் தண்ணீர் போகிற வழியே அடைத்துக்கொள்ளும். பார்த்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள். பெரியம்மா ஒருவர் இருபத்தொரு மூலிகைப் பட்டியலை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "இதைத் தடவு கண்ணு, ஒரே மாசத்துல நின்னுடும்" என்றார். நானும் நாட்டு மருந்துக் கடைக்கும் வாய்க்கால் கரைக்கும் அலைந்து எல்லாவற்றையும் சேர்த்தேன். கழுவிய ஈரம் காயும் முன்பே இலைகளை எண்ணெயில் போட்டு, அரைகுறையாகக் கொதிக்கவிட்டு, பாட்டிலில் ஊற்றி வைத்தேன். பத்தாம் நாள் மூடியைத் திறந்தால் மேலே வெள்ளையாகப் பூஞ்சை, உள்ளே புளித்த வாடை. அத்தனையும் கொல்லைக்குப் போனது. வேடிக்கை என்னவென்றால், ஒரு சொட்டுக்கூடத் தடவாமலே அடுத்த இரண்டு மாதத்தில் முடி கொட்டுவது தானாக நின்றுவிட்டது. அந்த எண்ணெய் கெடாமல் இருந்திருந்தால் இன்றைக்கு நானும் ஊரெல்லாம் இருபத்தொரு மூலிகைப் பட்டியலை அனுப்பிக்கொண்டு இருந்திருப்பேன்.

அதனால் அடுப்பைப் பற்ற வைக்கும் முன் உங்கள் முடி ஏன் கொட்டுகிறது என்று கொஞ்சம் பாருங்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது எல்லோருக்கும் உள்ளதுதான். காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி கிடந்து எடை குறைப்பது, இவற்றுக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து மொத்தமாகக் கொட்டும். வேர் உயிரோடு இருப்பதால் பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும், முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும் என்பதால் பொறுமைதான் வேண்டும். நிற்காமல் மாதக்கணக்கில் கொட்டினால் ரத்தச்சோகையும் தைராய்டும் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள். ஆண்களுக்கு நெற்றி இரு பக்கமும் ஏறுவது, உச்சியில் வட்டமாகத் தெரிவது, இதெல்லாம் பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து செய்கிற வேலை. எங்கள் வீட்டுக்காரர் நான் காய்ச்சிய எண்ணெயை ஆறு வருடமாகத் தடவுகிறார், இருக்கிற முடி பளபளவென்று இருக்கிறது, நெற்றி அது பாட்டுக்கு ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் தோல் மருத்துவரைப் பார்த்து மினாக்சிடில் போன்ற மருந்து ஒத்துவருமா என்று கேட்பதே நல்லது. சீக்கிரம் போனால்தான் பலன்.

இன்னொன்று. உதிர்ந்த முடியை எடுத்து நுனியைப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்னக் குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து வந்தது. குமிழே இல்லாமல் நீளம் குறைவாக இருந்தால் நடுவில் உடைந்தது. உடைகிற முடிக்கு எண்ணெய் நன்றாகவே வேலை செய்யும்.

சரி, எண்ணெய்க்கு வருவோம்.

எனக்கு நாலு பொருள்தான்: கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, நெல்லிக்காய், வெந்தயம். ஒரு லிட்டர் செக்குத் தேங்காய் எண்ணெய்க்குக் கரிசலாங்கண்ணி இரண்டு பெரிய கட்டு, கறிவேப்பிலை உருவியது இரண்டு கைப்பிடி, பெரிய நெல்லிக்காய் பத்து, வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி. கொங்குப் பக்கம் இருப்பவர்களுக்குத் தேங்காய் எண்ணெய்க்குப் பஞ்சமில்லை, காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் கொப்பரைக் களம் இல்லாத சாலையே கிடையாது. உடம்பு சூடு என்று நல்லெண்ணெய் விரும்புகிறவர்கள் அதிலும் காய்ச்சலாம், முறை ஒன்றுதான்.

கரிசலாங்கண்ணியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தலைக்குக் காய்ச்சுவது வெள்ளைப்பூ பூக்கிற கரிசாலை. வயல் வரப்பில், வாய்க்கால் ஓரத்தில் ஈரமான இடத்தில் முளைத்திருக்கும், பூ சட்டைப் பித்தான் மாதிரி சின்னதாக இருக்கும், தண்டைக் கிள்ளினாலோ இலையைக் கசக்கினாலோ கொஞ்ச நேரத்தில் சாறு கறுத்துவிடும். கீரைக்காரம்மா கொண்டுவருகிற மஞ்சள்பூ கரிசலாங்கண்ணி வேறு, அது சமைப்பதற்கு. இன்னும் ஒன்று, பங்களா வாசலிலும் சாலை நடுவிலும் அழகுக்காகப் படரவிடுகிற மஞ்சள்பூச் செடி, அது இந்த இரண்டிலும் சேராது, அதைப் பறித்துக்கொண்டு வந்து காய்ச்சியவர்களை எனக்கே தெரியும். சாக்கடை ஓரத்திலும் மருந்தடித்த வயலிலும் பறிக்காதீர்கள்.

முந்தின நாள் இரவே வெந்தயத்தை ஊறப்போட்டுவிடுங்கள். கறிவேப்பிலையைக் கழுவி, துணியில் பரப்பி, நிழலில் ஒரு நாள் உலர விடுங்கள், மொறுமொறுப்பாக வேண்டாம், ஈரம் போனால் போதும். கரிசாலையை வேர் நீக்கி மண் போக மூன்று தண்ணீரில் அலசி, அரைத்துப் பிழிந்தால் ஏறக்குறைய கால் லிட்டர் சாறு வரும். அரைக்கும்போது தண்ணீரைத் தெளிக்கலாம், ஊற்றக் கூடாது. ஊற்றுகிற ஒவ்வொரு கரண்டித் தண்ணீரையும் பிறகு நீங்கள்தான் அடுப்பில் நின்று வற்ற வைக்க வேண்டும். நெல்லிக்காயைக் கொட்டை எடுத்து அரைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். வெந்தயத்தையும் கறிவேப்பிலையையும் கொரகொரப்பாக அரைத்தால் போதும்.

பாத்திரம் அடி கனமாக, ஒரு லிட்டர் எண்ணெய்க்கு நாலு லிட்டராவது கொள்கிற மாதிரி இருக்க வேண்டும், நுரைத்துப் பொங்கும். அலுமினியம் வேண்டாம், நெல்லிப் புளிப்பு அதைத் தின்னும். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் நெல்லியும் இரும்பும் சேர்ந்து எண்ணெய் கன்னங்கரேல் என்று ஆகும். எங்கள் அம்மாயி அந்தக் கறுப்பைத்தான் நல்ல எண்ணெய்க்கு அடையாளம் என்பார். எனக்குத் தலையணை உறை முக்கியம், அதனால் எவர்சில்வர்.

எண்ணெய், சாறு, அரைத்த விழுது எல்லாவற்றையும் ஆறிய நிலையிலேயே பாத்திரத்தில் ஒன்றாகக் கலந்து அதற்கப்புறம் அடுப்பைப் பற்ற வையுங்கள். காய்ந்த எண்ணெயில் சாற்றை ஊற்றினால் வெடித்துத் தெறிக்கும், முகம் வெந்துவிடும், இதில் மட்டும் விளையாட்டு வேண்டாம். தீ முழுக்கச் சிறிதாக இருக்கட்டும். மரக்கரண்டியால் அடி தட்டிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் விழுது அடியில் ஒட்டிக் கருகும். ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரம் ஆகும். சீக்கிரம் முடியட்டும் என்று தீயை ஏற்றுகிறவர்கள் கருகின வாடையோடுதான் தலை வார வேண்டியிருக்கும்.

பதம் பார்ப்பதுதான் இதில் உள்ள ஒரே வித்தை. உள்ளே தண்ணீர் இருக்கும்வரை எண்ணெயின் சூடு தண்ணீர் கொதிக்கிற சூட்டைப் பெரிதாகத் தாண்டாது, சடசடவென்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர் தீர்ந்ததும் சத்தம் அடங்கும், அடங்கிய அடுத்த நிமிடமே சூடு விறுவிறுவென்று ஏறும். ஆகவே கடைசிப் பத்து நிமிடம் போன் வந்தாலும் எடுக்காதீர்கள். அடியில் தங்குகிற விழுதைக் கொஞ்சம் கரண்டியில் எடுத்து, ஊதி ஆறவைத்து, விரலில் உருட்டிப் பாருங்கள். மெழுகு மாதிரித் திரண்டால் மெழுகு பதம், இன்னும் கொஞ்சம் போய் மணல் மாதிரி நறநறவென்று உதிர்ந்தால் மணல் பதம். நான் மெழுகு தாண்டி மணல் தொடங்குகிற இடத்தில் இறக்கிவிடுவேன். சந்தேகம் இருந்தால் ஒரு பஞ்சுத் திரியை அந்த எண்ணெயில் நனைத்துப் பற்றவையுங்கள். அடுப்பிலிருந்து தள்ளி நின்று செய்யுங்கள். திரி படபடவென்று பொரிந்தால் உள்ளே இன்னும் தண்ணீர் இருக்கிறது, அமைதியாக எரிந்தால் முடிந்தது. என் முதல் பாட்டிலில் பூஞ்சை பிடித்தது இந்த ஒரு சோதனையைச் செய்யாததால்தான்.

இறக்கியதும் பாத்திரத்தின் சூட்டிலேயே மேலும் கருகாமல் இருக்க வேறு உலர்ந்த பாத்திரத்துக்கு மாற்றுங்கள். கை பொறுக்கிற சூட்டில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு இரவு அசையாமல் வைத்தால் அடியில் மண்டி தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் ஈரம் துளியும் இல்லாத கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, தேதியை எழுதி ஒட்டுங்கள். மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது. சிக்கு வாடை வந்துவிட்டால் தயங்காமல் கொட்டிவிடுங்கள், அதில் கொஞ்சம் புது எண்ணெய் கலந்து சரிசெய்கிற வேலையெல்லாம் வேண்டாம். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்தால் பாட்டிலை வெந்நீரில் நிற்க வையுங்கள், நேராக அடுப்பில் வைக்காதீர்கள்.

தடவுவது வாரத்துக்கு இரண்டு நாள் போதும். இரண்டு மூன்று தேக்கரண்டி எண்ணெயை, நகம் படாமல் விரல் நுனியால் ஐந்து நிமிடம் மெதுவாக மண்டையில் தேய்த்து, மீதியை முடியின் நீளத்துக்கும் நுனிக்கும் பூசி, ஒரு மணி நேரம் கழித்து அலசுங்கள். எப்போதும் அலசுவதற்கு முன் பூசுங்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 2003-இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் எண்ணெய் மூன்றையும் முடியில் பூசிப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான், அதிலுள்ள லாரிக் அமிலம் முடிக்குள் ஊடுருவுகிறது. ஆக நமக்குக் கிடைக்கிற பலனில் பெரும்பங்கு மூலிகையை விட எண்ணெய்க்கே சேரும் என்று நான் நினைக்கிறேன், பெரியம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள்.

விளக்கெண்ணெய் சேர்த்தால் அடர்த்தியாக வளரும் என்று சொல்வார்கள். சேர்ப்பதானால் நாலில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். தனி விளக்கெண்ணெயை நீள முடியில் அப்பித் தேய்த்து அலசப் போய், சடை பிடித்துப் பாறை மாதிரி இறுகி, கடைசியில் வெட்டி எடுக்க வேண்டிவந்த கதைகள் மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கின்றன. ரோஸ்மேரி எண்ணெயும் இப்போது எல்லோர் வீட்டிலும் வந்துவிட்டது. ஈரானில் 100 பேரை வைத்து ஆறு மாதம் நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது, அதில் ரோஸ்மேரியும் 2 சதவீத மினாக்சிடிலும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் கொடுத்தன. ஒரே ஒரு சின்ன ஆய்வு என்பதையும், இன்று ஆண்களுக்கு வழக்கமாகத் தருவது 5 சதவீதம் என்பதையும் மறக்காமல் படியுங்கள். பயன்படுத்தினால் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெய்க்கு ஐந்தாறு சொட்டு, அவ்வளவுதான். நேரடியாக மண்டையில் ஊற்றினால் புண்ணாகும்.

பொடுகு இருக்கிறவர்களுக்கு

இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் கொஞ்சம் இடிக்கிறது. பொடுகு என்றால் உலர்ந்துபோன மண்டை, எண்ணெய் வைத்தால் சரியாகிவிடும் என்று இரவு முழுக்க எண்ணெயோடு படுக்க வைக்கிறோம். பொடுகுக்குப் பின்னால் இருப்பது மலாசீசியா என்கிற பூஞ்சை, அது எல்லோர் தலையிலும் உண்டு, எண்ணெய்ப்பசையைத் தின்றே வாழ்கிறது. விடிய விடிய எண்ணெய் வைத்தால் அதற்குப் பந்தி வைத்த மாதிரிதான். மண்டை சிவந்து, மஞ்சளாகப் பிசுபிசுவென்று செதில் அப்பியிருந்தால் எண்ணெயை முழுக்க நிறுத்துங்கள். 2 சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பூ மருந்துக்கடையில் கிடைக்கும், வாரம் இரண்டு முறை, நுரைத்து மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு அலசினால் சில வாரங்களில் அடங்கும். மூலிகைக்காரி இப்படிச் சொல்கிறாளே என்று பார்க்காதீர்கள், நானே அப்படித்தான் சரிசெய்தேன்.

லேசான பொடுகுக்குப் பொடுதலை நல்லது. ஆற்றங்கரையிலும் வாய்க்கால் மேட்டிலும் தரையோடு தரையாகப் படர்ந்திருக்கும், திப்பிலி மாதிரி சின்னக் கதிர் இருக்கும். சாறும் நல்லெண்ணெயும் சம அளவு எடுத்து, மேலே சொன்ன அதே முறையில் தண்ணீர் வற்றக் காய்ச்சி வடிகட்டுங்கள். தேய்த்து அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம், சுத்தமாக அலசிவிடுங்கள். எலுமிச்சம்பழத்தைப் பாதியாக வெட்டி மண்டையில் தேய்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஏற்கெனவே சொறிந்து தோல் உரிந்த இடத்தில் அந்தப் புளிப்பு பட்டால் எரிச்சல்தான் மிச்சம். சோடா மாவும் அப்படித்தான்.

செதில் வெள்ளி மாதிரி தடிமனாக, முடி ஓரம் தாண்டி நெற்றிக்கும் காதுக்குப் பின்னாலும் இறங்கினால் அது சொரியாசிஸாக இருக்கலாம். அதற்குச் சித்த மருத்துவத்தில் கொடுப்பது வெட்பாலைத் தைலம், இது அடுப்பே இல்லாமல் செய்வது. வெட்பாலை இலையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து, கத்தி படாமல் கையாலேயே கிள்ளிக் கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, மூழ்குமளவு தேங்காய் எண்ணெய் ஊற்றி வெயிலில் வையுங்கள். ஒன்றிரண்டு நாளிலேயே எண்ணெய் ஊதாவாக மாறத் தொடங்கும், ஏழு நாளில் நாவல்பழச் சாறு மாதிரி ஆகிவிடும், வடிகட்டி எடுத்துக்கொள்ளலாம். முதல் முறை அந்த நிறத்தைப் பார்த்தபோது நானே யாராவது மை ஊற்றிவிட்டார்களா என்று பார்த்தேன். சொரியாசிஸ்தானா என்பதை மட்டும் நீங்களே முடிவு செய்யாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள சித்தப் பிரிவிலோ தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்திலோ காட்டிவிட்டுச் செய்யுங்கள்.

புழுவெட்டு

பெயரைக் கேட்டுப் புழு தின்றதாக நினைக்க வேண்டாம். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவதால் காசு அளவுக்கு வழவழப்பாகச் சொட்டை விழுகிறது. சின்ன வெங்காயச் சாறு தேய்ப்பது நம் ஊர்ப் பழக்கம், இதற்கு ஓரளவு ஆதாரமும் இருக்கிறது. ஈராக்கில் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில் ஒரு நாளைக்கு இரண்டு முறை வெங்காயச் சாறு தடவிய 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி முளைத்தது. சின்ன ஆய்வு, தானாகவும் வளரக்கூடிய நோய், இரண்டையும் மனதில் வையுங்கள். நாலைந்து வெங்காயத்தை அம்மியில் தட்டிப் பிழிந்து, பஞ்சால் சொட்டையின் மேல் மட்டும் ஒற்றுங்கள். கண்ணுக்கு வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எரிந்து கொப்புளித்தால் விட்டுவிடுங்கள். வாடை போகாது, கணவர் தள்ளித்தான் படுப்பார். இந்தச் சாறு புழுவெட்டுக்கு மட்டும், மொத்தத் தலைக்கும் ஊற்றி முடி வளர்க்கலாம் என்று காணொளி போடுகிறவர்களை நம்பாதீர்கள். ஆற்றுத்தும்மட்டி, நேர்வாளம் என்று காட்டமான சரக்கையெல்லாம் தேய்க்கச் சொல்வார்கள், தோல் வெந்துபோகும், தொடாதீர்கள்.

குழந்தை தலையில் சொட்டை விழுந்து, அதன் மேல் செதிலும் ஒடிந்த முடியும் இருந்தால் அது படையாக இருக்கும். எந்த எண்ணெயும் அதைக் குணமாக்காது, உள்ளுக்கு மாத்திரை வேண்டும், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். கைக்குழந்தைக்கு எண்ணெயில் கற்பூரம் போட்டுத் தேய்ப்பதையும் விட்டுவிடுங்கள், அது விஷமாகி வலிப்புவரை கொண்டுபோகும்.

எந்த எண்ணெயானாலும், எந்த விழுதானாலும், முதல் முறை காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் பாருங்கள். வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு வெந்தயமும் சில சமயம் ஒத்துக்கொள்ளாது.

அலசுவதற்கு

நான் வளர்ந்தது அரப்பில். உசிலை மரத்து இலையைக் காயவைத்துப் பொடித்தது, ஈரோடு, நாமக்கல் பக்கச் சந்தையில் இன்றும் கிடைக்கும். வடித்த கஞ்சியில் கரைத்துத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு போகும், முடியும் சொரசொரப்பாகாது. சீயக்காய் கொஞ்சம் முரடு, வறண்ட முடிக்காரர்கள் அதோடு செம்பருத்தி இலையைத் தண்ணீரில் கசக்கினால் வருகிற வழுவழுப்பான சாற்றைக் கலந்துகொள்ளலாம். என் வீட்டுக் கணக்கு, சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், கொட்டை நீக்கிய பூந்திக்காய் 100 கிராம், காய்ந்த ஆவாரம்பூ ஒரு கைப்பிடி. இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, சீயக்காய் அரைக்கிற மில்லாகப் பார்த்துக் கொடுங்கள், மிளகாய் அரைத்த மில்லில் கொடுத்துவிட்டு ஒரு வாரம் மண்டை எரிந்த அனுபவம் எனக்கு உண்டு. அரைத்த மாவைச் சல்லடையில் இரண்டு முறை சலித்தால் முடியில் திப்பி ஒட்டாது. மில்லுக்குப் போகும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், நாலு தும்மலோடு விடாது.